அங்கிக்கு முன் சில கேள்விகள்

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பட்டமளிப்பு அங்கி இருந்தது. கறுப்புத் துணி, அகலமான கைகள், கழுத்தைச் சுற்றி நீலப் பட்டை. கூடவே குஞ்சம் வைத்த சதுரத் தொப்பி, சிவப்பு நாடா கட்டிய காகிதச் சுருள். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு தையல்காரர் யாரோ ஒரு பட்டதாரியின் படத்தைப் பார்த்துத் தைத்துக் கொடுத்தது அது. படத்தில் முதுகு தெரியாததால் முதுகுப் பக்கத்தை அவர் தன் இஷ்டத்துக்குத் தைத்திருந்தார். சுருளுக்குள் இருந்தது பழைய நாட்காட்டித் தாள்.

அதைப் போட்டுக்கொண்டு படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். பட்டமளிப்பு அன்று வாடகைக்கு வாங்கிய அங்கியை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்று மழை பெய்திருக்கும், அல்லது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், அல்லது நண்பன் எடுத்த படத்தில் பாதித் தலை போயிருக்கும். பிறகு சிராங்கூன் ரோட்டில் எங்கள் கடைக்கு வந்து எங்கள் அங்கியைப் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக் கூடத்தில் மாட்ட அந்தப் படம் வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே நிமிர்ந்து பார்ப்பது அதைத்தான்.

ஆனால் அங்கி சுலபமாகக் கிடைத்துவிடாது. அதற்கு முன் அக்காவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா என்று நான் சொல்வது ஸ்டூடியோ முதலாளியை. அவருடைய அப்பா வைத்த கடை. அப்பா இறந்த பின் அவரே நடத்தினார். பெயரை எழுத எனக்குத் துணிவில்லை. எழுதினால், "என் பேர எதுக்கு எழுதுறே? யாரு கேட்டா?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பார் போலிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதே எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. ஆட்களோடு பேசக் கூச்சம். இருட்டறையில் படம் கழுவுவதும், நெகட்டிவ்வில் முகத் தழும்புகளைப் பென்சிலால் மறைப்பதும் எனக்கு ஏற்ற வேலைகள். எங்கள் மாதா கோவில் ஃபாதர்தான் என்னைச் சிபாரிசு செய்தார். அவர் சொல்லி அனுப்பியதைக் கேட்டுவிட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஃபாதர் சொன்னாச் சரிதான். ஆனா ஃபாதருக்கு ஒன்ன எவ்வளவு நாளாத் தெரியும்? தப்பா நெனைக்காத."

'தப்பா நெனைக்காத' என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதைச் சொன்னாரென்றால் தப்பாக நினைக்கும்படி ஏதோ வருகிறது என்று அர்த்தம். சாயங்காலம் நான் கிளம்பும்போது என் பையைத் திறந்து பார்ப்பார். "தப்பா நெனைக்காத." பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போதும் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார். கண்ணை மூடி ஜெபிக்கும் நேரத்திலும் ஒரு கண் பாதி திறந்திருக்கும். தேக்கா மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, கடைசியில் மீன்காரர் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பார். "அக்கா மீன்கிட்டயும் ஐ.சி. அடையாள அட்டை கேப்பாங்க லா" என்று மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வார். அக்கா சிரிக்க மாட்டார். மீனை இன்னொரு முறை மோந்து பார்ப்பார்.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியைக்கூட அவர் நம்பவில்லை. பிடோக்கில் புது வீடு கிடைத்து நாங்கள் குடிபோனபோது ஃபாதரோடு வீடு மந்திரிக்க வந்தார். ஃபாதர் மின்தூக்கியில் ஏறினார். அக்கா படியில் ஏறினார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "அது பாதியில நின்னா யாரு வந்து கேப்பா?" என்றார்.

அங்கி விஷயத்தில் மட்டும் ஆரம்பத்தில் அவர் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. நான் சேர்ந்த முதல் வருடம், காலில் பளபளவென்று சப்பாத்து மாட்டிய ஒருவர் வந்தார். சரித்திரம் படித்தேன் என்றார். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. அக்கா அங்கியை எடுத்துக் கொடுத்தார், தொப்பியைத் தாமே நேராக்கிவிட்டார். படம் பிரமாதமாக வந்தது. கடை முன்னால் கண்ணாடிப் பேழையில் சில நாள் வைத்திருந்தோம்.

சில மாதம் கழித்து ஜொகூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் அதே படம். சத்தம் போடவில்லை. படத்தைக் கவிழ்த்து, பின்னாலிருந்த எங்கள் முத்திரையைக் காட்டினார்.

"இது ஒங்க கடதானே?"

"ஆமா."

"படத்தப் பாத்துத்தான் பொண்ணக் குடுத்தோம்."

அந்த மனிதர் பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்தவரில்லையாம். அதைச் சொன்னபோது அந்த அம்மா அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் மாட்டியிருந்த மற்றப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இனி எதை நம்புவது என்று தெரியாத பார்வை. ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்தார். படத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்கா அதைக் கிழிக்கவில்லை. அங்கி வைக்கும் தகரப் பெட்டியின் மூடியில், உள்பக்கமாக ஒட்டினார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சப்பாத்துக்காரர் சிரிப்பார்.

அன்றிலிருந்து கேள்விகள் தொடங்கின.

சான்றிதழைக் காட்டினால் பார்க்க மாட்டார். "இந்தா, எதுத்த வரிசையில கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாரே, அவரு அரை நாள்ல எத வேணா அடிச்சுக் குடுப்பாரு." அவருடைய கணக்கு வேறு. ஓர் இடத்தில் வருடக் கணக்காக இருந்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். படித்த பாடத்தை அக்காவால் சோதிக்க முடியாது, இடத்தைச் சோதிக்கலாம். அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனதே இல்லை. அதனால் ஒருவர் சொன்ன பதிலை எடுத்து அடுத்தவருக்குக் கேள்வியாக்கினார். அவர் சொன்னது மூன்றாமவருக்கு. இப்படியே வருடா வருடம் சேர்த்து, காலால் மிதிக்காத ஓர் இடம் முழுவதையும் மனத்துக்குள் வைத்திருந்தார்.

பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிப்போனது. புக்கிட் தீமாப் பக்கம், சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மேடு. வளைவு வளைவாக நடைபாதை வைத்த பழைய கட்டடங்கள். நடுவில் சதுரமான புல்வெளி. குறுக்கே நடந்தால் தோட்டக்காரர் அதட்டுவார். நூலகத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மரம். நிழல் நன்றாக இருக்கும், ஆனாலும் அதன் கீழே யாரும் உட்கார மாட்டார்கள், மைனாக்கள் அசிங்கம் பண்ணிவிடும். சட்டம் படிக்கிறவர்கள் மழையிலும் கழுத்துப்பட்டையைக் கழற்ற மாட்டார்கள். விடுதிப் பையன்கள் துணி காயப்போடும் கொடி விரிவுரை நடக்கும் அறையிலிருந்தே தெரியும். ரசாயனக்கூடத்தைத் தாண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

"நூலகம் போற வழியில ஒரு மரம் இருக்குமே. அதுக்குக் கீழ ஏன் யாரும் ஒக்கார்றதில்ல?" என்று கேட்பார். உண்மையான ஆள் என்றால் உடனே சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரிப்பார். அக்கா பெட்டியைத் திறப்பார்.

ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர் ஒருவர் வந்தபோது சோதனை நீண்டது. எதை ஆராய்ச்சி செய்தீர்கள் என்று கேட்டார். சதுப்பு நிலத்து நண்டு என்றார் அவர். பல வருடம் சேற்றில் இறங்கி, ஒரே வகை நண்டு வளை தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்காவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

"அதுக்கு கவர்மெண்டு எடம் குடுத்து, லைட்டு குடுத்து, மேச குடுத்து வச்சிருக்கா?"

"ஆமாங்க. ஆராய்ச்சிக்குத்தானே பல்கலைக்கழகம். பாடம் நடத்துறது பாதி வேலதான்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"கொஞ்சம்."

"நண்டுக்குத் தெரியுமா?"

அவர் கோபித்துக்கொள்ளாமல், சேற்று வாடை கையை விட்டுப் போகாததால் வீட்டில் தனித் தட்டு வைத்துவிட்டார்கள் என்றார். அக்கா எழுந்து கிட்டே வந்தார். பிறகு, "கையக் குடுங்க" என்று வாங்கி மோந்து பார்த்தார். எனக்கு வெட்கத்தில் இருட்டறைக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா போய்ப் பெட்டியைத் திறந்தார். என்ன வாடை வந்ததோ, நான் கேட்கவில்லை.

புது விளக்கு மாற்றினாலும், புது வகைப் பிலிம் வந்தாலும், வெளிச்சம் சரியா என்று பார்க்க என்னை அங்கியோடு நிற்கவைத்து ஒரு படம் எடுப்பார். எனக்கு அது பிடிக்கும். கழுத்துப் பட்டை கன்னத்தில் லேசாக உரசும். தொப்பி விழுந்துவிடுமோ என்று தலையை நேராக வைத்துக்கொள்வேன். எப்போதும் குனிந்தே நடக்கிற எனக்கு அது புதிதாக இருக்கும். பிலிமைக் கழுவிக் காயவைத்ததும் அக்கா கத்தரிக்கோலோடு வருவார். என் படத்தை மட்டும் வெட்டியெடுத்து, இரண்டாக நறுக்கிக் கூடையில் போடுவார்.

"தப்பா நெனைக்காத."

ஒரு நாள் இளைஞன் ஒருவன் வந்தான். அக்கா எதைக் கேட்டாலும், "அதெல்லாம் மாத்திட்டாங்க அக்கா" என்றான். மரம்? மாத்திட்டாங்க. தோட்டக்காரர்? மாத்திட்டாங்க. மாற்றி என்ன வைத்தார்கள் என்று அக்கா கேட்டதும், வெளியே நண்பன் காத்திருப்பதாகச் சொல்லிப் போனவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு 'மாத்திட்டாங்க' என்ற சொல் அக்காவின் காதில் விழவே கூடாது.

பாவம், அந்த வருடங்களில் சிங்கப்பூரில் மாற்றாமல் விட்டது எது? ஓலை வேய்ந்த எங்கள் அத்தாப்பு வீட்டை இடித்து எங்களைப் பிடோக்குக்கு மாற்றினார்கள். என் தம்பி படித்த பள்ளியை மாற்றினார்கள். பஸ்ஸின் வழியை மாற்றினார்கள். தேக்கா மார்க்கெட்டையே எதிர்ப்பக்கம் மாற்றப்போவதாகப் பேச்சு. பல்கலைக்கழகமும் மேற்கே குன்றின் மேல் புது இடத்துக்குப் போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். ஆனால் அது ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொரு துறையாகப் போனது. எங்களிடம் படமெடுக்க வந்தவர்கள் பழைய இடத்துக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் மரத்தை விடவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

ஒரு வார நாள் காலை. அப்பாவும் மகளும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலையை முடித்துக்கொண்டு, மனைவியிருக்கும் ஊருக்கே ஒரேயடியாகப் போகிறார். இரண்டு நாளில் கப்பல். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தார். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். மகள் பட்டம் வாங்கிய அன்று கால் வலியால் அவரால் போக முடியவில்லை. அவளோடு நின்று ஒரு படம் எடுத்து, அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார். மனைவிக்குக் காட்ட வேண்டுமாம். இதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

"எந்தப் படிப்பு?" என்றார் அக்கா.

"இஞ்சினியரிங்" என்றாள் பெண்.

அக்காவின் புருவம் ஏறியது. அதுவரை அங்கி கேட்டு வந்த பெண்கள் இலக்கியமோ சரித்திரமோ படித்தவர்கள்.

"நூலகம் போற வழியில ஒரு மரம் இருக்குமே?"

"மரமா?" பெண் யோசித்தாள். "எங்க லைப்ரரி பக்கம் பெரிய மரம் இல்ல அக்கா. இப்பத்தான் கன்னு நட்டிருக்காங்க."

"புல்லுல நடந்தா யாரு சத்தம் போடுவா?"

"புல்லே இன்னும் சரியா வரல. செம்மண்ணுதான்."

"கெமிஸ்ட்ரி லேப் தாண்டும்போது என்ன வாட வரும்?"

"அது எங்க பக்கம் இல்ல. அக்கா, நான் பழைய எடத்துக்கே போனதில்ல. இஞ்சினியரிங்கத்தான் மொதல்ல மாத்திட்டாங்க."

சொல் விழுந்துவிட்டது. அக்கா திறக்கப்போன பெட்டியின் மேல் கையை வைத்து அமுக்கினார்.

"தப்பா நெனைக்காத. கவுன் இல்ல."

பெண் பையிலிருந்து சான்றிதழை எடுத்தாள். அக்கா அதைத் தொடவில்லை. பெண்ணுக்குக் கண் சிவந்தது, ஆனால் அழவில்லை. எனக்கு இன்றும் மறக்காதது அவளுடைய முகமல்ல, அப்பாவின் முகம். அவர் அதுவரை அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார்.

"ஏம்மா, அவுங்க கேக்குறது ஒண்ணுகூட ஒனக்குத் தெரியலையே?"

அந்த மனிதர் விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வந்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மகள் பல்கலைக்கழகம் போகிறேன் என்றாள், நம்பினார். பட்டம் வாங்கிவிட்டேன் என்றாள், நம்பினார். கூட வேலை செய்தவர்கள், பொம்பளப் பிள்ளை காலையில் புறப்பட்டு எங்கே போகிறதென்று யாருக்குத் தெரியும் என்று கேலி பேசியிருக்கிறார்கள். அதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருக்கிறார். இப்போது இந்தச் சிறிய கடையில், கப்பலேற இரண்டு நாள் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் கேட்ட நான்கு கேள்விகளில் அது ஆடிப்போய்விட்டது.

"அப்பா," என்றாள் பெண்.

அவர் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். ஜொகூர் அம்மா பார்த்த மாதிரியே.

அக்காவும் அதைக் கவனித்துவிட்டார். பெட்டி மூடியை ஒரு கணம் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த சப்பாத்துக்காரரைப் பார்த்தார், மூடினார். பிறகு கைப்பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எந்த பஸ்ஸு போவும்?"

பெண்ணுக்குப் புரியவில்லை.

"ஒன் யுனிவர்சிட்டிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டேன். வா, போய்ப் பாத்துருவோம்."

அப்பாவும் எழுந்தார். அக்கா கையைக் காட்டித் தடுத்தார்.

"நீங்க வேணாம். பெத்தவங்க, எதப் பாத்தாலும் நம்பிருவீங்க. காப்பிக் கடையில ஒக்காந்திருங்க." என் பக்கம் திரும்பி, "நீ வா. ஒருத்தி பாத்தாப் பத்தாது" என்றார்.

அத்தனை வருடத்தில் வார நாளில் கடை அடைத்தது அன்றுதான். கம்பிக் கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

பஸ் ஊரைக் குறுக்கே தாண்டி மேற்கே போனது. குன்றின் அடிவாரத்தில் இறங்கினோம். அங்கிருந்து மேலே போக உள்ளுக்குள்ளேயே ஓடும் தனி பஸ். எங்கள் மனத்திலிருந்த இடத்தின் சாயல்கூட அங்கே இல்லை. வளைவு இல்லை, பழைய சுவர் இல்லை. மலையை வெட்டி அடுக்கடுக்காக வைத்த சாம்பல் நிறக் கட்டடங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கூரை போட்ட நீண்ட பாதைகள். இரண்டு பக்கமும் செம்மண் சரிவு. கம்பு கட்டி நிறுத்திய கன்றுகள். தூரத்தில் கடலும் கப்பல்களும் தெரிந்தன.

"இது யுனிவர்சிட்டியா, ஜூரோங் ஃபேக்டரியா?" என்றார் அக்கா.

பெண் எங்களை உள்ளே கூட்டிப்போனாள். தரையோடு தரையாக ஒரு கதவில் நுழைந்தோம். சுவரில் நான்காம் மாடி என்று போட்டிருந்தது. மலைச் சரிவில் கட்டியதால் இந்தப் பக்கத்துத் தரை அந்தப் பக்கத்துக்கு நான்காம் மாடி என்று பெண் விளக்கினாள். அக்கா நின்று, நுழைந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "படியே ஏறல, நாலாவது மாடிங்கிறே" என்றார். மின்தூக்கியை நம்பாதவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்வியாண்டு முடிந்திருந்தது. விரிவுரை மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. எந்திரங்கள் இருந்த கூடத்தைக் கண்ணாடி வழியாகத்தான் காட்ட முடிந்தது. இதுதான் நான் வேலை செய்த எந்திரம் என்றாள். அக்கா எந்திரத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அங்கேயிருந்த காவல்காரரிடம் அக்கா மலாயில், இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். போன வாரம்தான் ஆட்களை மாற்றினார்களாம், அவர் புதிதாம்.

நூலகத்தில் அவளுடைய அட்டை காலாவதியாகிவிட்டது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நீள நீளமாக அலமாரிகள் தெரிந்தன. ஆராய்ச்சி செய்கிறவர்கள் மட்டும் அங்கங்கே குனிந்திருந்தார்கள். யாரும் நிமிர்ந்து இவளைப் பார்க்கவில்லை. பெண்ணின் நடை வேகம் குறைந்தது. உண்மை சொல்கிறவளா இல்லையா என்று எனக்கே ஒரு நிமிடம் குழம்பியது. அக்காவின் சந்தேகம் அப்படித்தான், பக்கத்தில் நிற்கிறவர்களையும் பிடித்துக்கொள்ளும்.

"வேற என்ன இருக்கு?" என்றார் அக்கா.

"கேன்டீன்தான்."

பாதிக் கடைகள் மூடியிருந்தன. தேநீர், காப்பி விற்கும் தண்ணீர்க் கடையில் மட்டும் தொப்பி போட்ட மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் மேசைக்கு வருவதற்குள் ஒரு கண்ணாடிக் குவளையில் தேநீரை ஊற்றி, எதுவும் கலக்காமல் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, "கோசோங்" என்று பெண்ணைக் கூப்பிட்டார்.

பாலும் சீனியும் போடாத வெறுந்தேநீரைத்தான் அப்படிக் கேட்டு வாங்குவோம். பரீட்சைக் காலத்தில் சாயங்காலம் முழுக்க அதையே குடித்துக்கொண்டு படிப்பாளாம், அதனால் அவளுக்கே அதைப் பெயராக வைத்துவிட்டார் பெரியவர். ஏன் இத்தனை நாள் காணோம், எல்லாம் பாஸா என்று மலாயில் கேட்டார். பாஸ் என்றாள். அப்பாவின் காலில் பெட்டி விழுந்ததே, ஆறிவிட்டதா என்று கேட்டார்.

பெண் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே உடைந்தது. பெரியவர் பதறி, அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எங்களைப் பார்த்தார்.

அக்காதான் பதில் சொன்னார். காலெல்லாம் ஆறிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடக்கிறார், அவ்வளவுதான் என்றார். பிறகு அந்தத் தேநீரை எடுத்து, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்தார். பெண்ணிடம் நகர்த்தினார்.

"குடிச்சிட்டு வா. அப்பா காத்துக்கிட்டிருப்பாரு."

திரும்பும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதில், மழை பெய்தால் அந்தச் செம்மண் எங்கே வழியும், உள்ளே ஓடும் பஸ் எந்தத் திருப்பத்தில் திணறும், எந்தக் கட்டடத்தில் எல்லாரும் மாடி தவறிப் போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பெண் முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்தது, கையை ஆட்டிச் சொல்லத் தொடங்கினாள். சிராங்கூன் ரோடு வருவதற்குள் அக்காவின் மனத்தில் குன்றின் மேல் முழுப் பல்கலைக்கழகமும் எழும்பிவிட்டது.

அப்பா காப்பிக் கடையில் அதே நாற்காலியில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தாரே தவிர, எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

காலையில் ஒரு விளக்கு எரியாமல் புதிது மாட்டியிருந்தோம். அக்கா என்னை அங்கியோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு அங்கியை என் தோளிலிருந்து வாங்கி, பெண்ணுக்குத் தாமே போட்டுவிட்டார். அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் மகளின் அங்கிக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். மூட்டைத் துணி பார்த்துப் பழகிய விரல்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்த அக்காவை நோக்கி, மெதுவாக, மகளுக்குக் கேட்காதபடி கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, இது நெசக் கவுனுதானா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அக்கா கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார்.

"இல்லீங்க. கவுனு பொய்யி. தேக்காவுல தச்சது. அந்தச் சுருளுக்குள்ள வெறும் காலண்டர் தாளு." மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "பொண்ணு நெசம். நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அப்பா மகள் பக்கம் திரும்பினார். கேமராவைப் பார்க்கச் சொல்ல அக்கா வாயெடுக்கவில்லை. அப்படியே பொத்தானை அமுக்கிவிட்டார். அப்பா கேமராவைப் பார்க்காத அந்த ஒரு படத்தைத்தான் அச்சுப் போட்டுக் கொடுத்தோம். அவர் கப்பலில் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அங்க தண்ணிக் கடைக்காரருக்கு ஒங்களத் தெரியுமா? என்ன குடிப்பீங்க?" என்பார். சப்பாத்துக்காரர் பெட்டி மூடியில் அப்படியே இருந்தார். சாயங்காலம் என் பையைத் திறந்து பார்ப்பதும் நிற்கவில்லை.

அந்தப் பிலிமைக் கழுவிக் காயவைத்த மறுநாள் காலை, கொடியில் தொங்கியதை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் கட்டத்தில் நான், தொப்பியோடு, தலை நிமிர்ந்து. அடுத்த கட்டத்தில் அப்பாவும் மகளும். கத்தரிக்கோலை எடுத்தார். அவர்கள் பக்கம் ஒரு மயிரிழையும் சேதமாகாமல், மிகக் கவனமாக, என்னை மட்டும் வெட்டியெடுத்தார். இரண்டாக நறுக்கிக் கூடையில் போட்டார்.

"தப்பா நெனைக்காத" என்றார்.

நான் நினைக்கவில்லை.